விளக்குக் கம்பத்தில் கொடி: இங்கிலாந்துத் தமிழர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

2025 ஆகஸ்டுக்குப் பிறகு கோயிலில், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி வாசலில், கலியாண வீட்டில் என்று எங்கே போனாலும் இந்தப் பேச்சுதான். "உங்கள் பக்கமும் கம்பத்தில் கொடி கட்டியிருக்கிறார்களா?" என்று ஆரம்பித்து, "நாங்கள் பயப்பட வேண்டுமா, சும்மா இருக்கலாமா?" என்று முடியும். அதே கேள்விகளுக்கு வாயால் பதில் சொல்லிச் சலித்துப்போய் எழுதி வைக்கிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து, கொழும்பில் கொஞ்சக் காலம் இருந்து, முப்பது வருடத்துக்கு மேல் லண்டனில் குடியிருக்கும் ஆள். கொடியைப் பார்த்துப் பயந்ததும் உண்டு, விசிலடித்ததும் உண்டு.

எங்கள் தெருவில் ஒரே இரவில் கொடிகள் முளைத்துவிட்டன. யார் கட்டுகிறார்கள், எதற்கு?

பர்மிங்காமில் வீலி காசில் என்ற பகுதியில்தான் முதலில் பெரிதாகப் பேசப்பட்டது. 2025 கோடையில் அங்கே சிலர் கூடி விளக்குக் கம்பங்களில் கொடி கட்டினார்கள். பார்த்த மற்ற ஊர்க்காரர்களும் ஏணியும் பிளாஸ்டிக் டையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். 'ஆபரேஷன் ரெய்ஸ் த கலர்ஸ்' என்ற பெயரில் அது நாடு முழுக்கப் பரவியது. கம்பம் போதாமல், சின்ன ரவுண்டபவுட்களின் வெள்ளை வட்டத்தில் சிவப்பு பெயின்டால் சிலுவையும் போட்டார்கள்.

கட்டியவர்களைக் கேட்டால் பலர், நாட்டுப்பற்று, வேறொன்றும் இல்லை என்றார்கள். சரி, ஆனால் அது நடந்த காலத்தையும் பார்க்க வேண்டும். எப்பிங் உட்படப் பல ஊர்களில் அகதித் தஞ்சம் கேட்டு வந்தவர்களைத் தங்கவைத்திருந்த ஹோட்டல்களுக்கு முன்னால் ஆர்ப்பாட்டம் நடந்துகொண்டிருந்த அதே கோடை. ஹோட்டல் வாசலில் ஆட்டிய கொடிதான் மறுநாள் விளக்குக் கம்பத்திலும் இருந்தது. சில கவுன்சில்கள் கழற்றின. டவர் ஹாம்லெட்ஸ் கவுன்சில் கழற்றுவோம் என்று வெளிப்படையாகவே சொன்னது. கழற்றிய இடத்தில் திரும்பக் கட்டினார்கள்.

இரண்டு விதமான கொடி தொங்குகிறதே, இரண்டும் ஒன்றுதானா?

இல்லை. வெள்ளையில் சிவப்புச் சிலுவை மட்டும் இருந்தால் அது இங்கிலாந்தின் கொடி, செயின்ட் ஜார்ஜ் சிலுவை. நீலமும் சேர்ந்து குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் போனால் அது யூனியன் ஜாக், முழு ஐக்கிய இராச்சியத்தின் கொடி. இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, அயர்லாந்து மூன்றின் சிலுவைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து 1801-இல் இன்றைய வடிவம் வந்தது. வேல்ஸுக்கு அதில் ஒரு நூல்கூட இல்லை. வேல்ஸ்காரர்களுக்கு அது ஒரு பழைய மனத்தாங்கல்.

அந்த ஜார்ஜ் இங்கிலாந்தைக் கண்ணால் கண்டவரே இல்லை. பாலஸ்தீனத்தில் லிட்டா என்ற ஊரில் கொல்லப்பட்டதாகச் சொல்லப்படும் கிறிஸ்தவத் தியாகி. சென்னையில் தலைமைச் செயலகம் இருக்கும் கோட்டைக்கும் அவர் பெயர்தான். கொடி கட்டியவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும் என்று யோசித்துப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

சொந்த நாட்டில் சொந்தக் கொடியைக் கட்டுவதில் யாருக்கு என்ன கோபம்? நாங்கள் வந்த குடிகள்தானே?

இதைக் கேட்காத ஆளே இல்லை. பெரும்பாலும் நம் மூத்தவர்கள் கேட்பார்கள்: "வந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இரு தம்பி."

2025 மே மாதம் இரண்டாம் உலகப் போர் ஐரோப்பாவில் முடிந்த 80-ஆவது ஆண்டைக் கொண்டாடினார்கள். தெருவெல்லாம் யூனியன் ஜாக் தோரணம். 2023-இல் மன்னர் முடிசூட்டும் அப்படித்தான். அப்போது கோயிலில் ஒருவரும் என்னிடம் வந்து பயப்பட வேண்டுமா என்று கேட்கவில்லை. எங்கள் தெருவில் மேசை போட்டு எல்லோரும் சாப்பிட்டோம், வீட்டிலிருந்து ரோல்ஸும் வடையும் போயிற்று. மூன்று மாதம் கழித்து அதே துணியைப் பார்த்து அதே மனிதர்கள் கதவைப் பூட்டினார்களா என்று சரிபார்த்தார்கள். துணி மாறவில்லையே!

யார் கட்டினார்கள், எப்போது, எந்த இடத்தில் என்பதுதான் மாறியது. ஒருவர் தன் வீட்டு ஜன்னலில் கட்டினால் தன்னைப் பற்றிச் சொல்கிறார். ஊருக்குப் பொதுவான கம்பத்தில், யாரையும் கேட்காமல், விடியற்காலையில் வந்து கட்டினால் அந்தத் தெருவைப் பற்றிச் சொல்கிறார். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு நான் இதை விளக்கவே வேண்டியதில்லை. ஊர் முகப்பில் நிற்கும் கொடிக்கம்பத்தைப் பார்த்தாலே இது யாருடைய தெரு, யார் இங்கே குரலை உயர்த்தலாம் என்று அவர்களுக்குப் புரியும். பொது இடங்களில் இருக்கும் கட்சி, சாதி, மத அமைப்புகளின் கொடிக்கம்பங்களை அகற்றச் சொல்லி 2025 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது எழுந்த சத்தத்தை நினைத்துப் பாருங்கள். வெறும் இரும்புக் குழாய்க்கு அவ்வளவு சத்தம் வராது.

மூத்தவர்களுக்கு ஒரு வார்த்தை: வரி கட்டுகிறோம், பிள்ளைகள் இங்கே பிறந்தார்கள், பலர் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருக்கிறோம். அந்தக் கம்பத்தில் எரியும் விளக்குக்கு நாங்களும் காசு கொடுக்கிறோம். கருத்துச் சொல்ல அது போதும்.

எழுபதுகளில் வந்தவர்கள் ஏன் எங்களைவிட அதிகம் கலங்குகிறார்கள்?

அவர்கள் பார்த்தது வேறு. 1967-இல் தொடங்கிய நேஷனல் ஃபிரன்ட் கட்சி, வெள்ளையர் அல்லாதவர்களைத் திருப்பி அனுப்பு என்று கோஷம் போட்டுக்கொண்டு யூனியன் ஜாக் காடு மாதிரித் தெருவில் இறங்கும். 1977 ஆகஸ்ட் 13 அன்று தென்கிழக்கு லண்டனில் லூயிஷமில் அப்படி ஊர்வலம் போனபோது எதிர்த்து நின்றவர்களோடு பெரிய மோதல். அந்தக் காலத்தில் யூனியன் ஜாக் பொறித்த ஜாக்கெட் போட்ட மொட்டைத்தலைப் பையன்கள் எதிரே வந்தால் ஆசியர்கள் தெருவின் மறுபக்கம் போய்விடுவார்கள். என் மைத்துனர் 1974-இல் படிக்க வந்தவர். யூனியன் ஜாக் என்றால் இன்றும் அவர் கால் தானாக நடையை மாற்றும்.

செயின்ட் ஜார்ஜ் சிலுவையின் கதை கொஞ்சம் வேறு. 1966-இல் இங்கிலாந்து உலகக் கோப்பை வென்றபோது மைதானத்தில் ஆடியது பெரும்பாலும் யூனியன் ஜாக்தான். 1996 யூரோ கோப்பை இங்கே நடந்தது, வெம்ப்ளியில் ஸ்கொட்லாந்தோடு ஆட்டம் வந்தது. எதிராளிக்கும் பங்குள்ள கொடியை ஆட்ட முடியாதே! அந்தக் கோடையில் சிவப்புச் சிலுவை கடைத்தெருவுக்கு வந்தது. கார் ஜன்னலில் கட்டினார்கள், முகத்தில் பூசினார்கள், கறுப்பினப் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் பூசிக்கொண்டார்கள். கொஞ்சக் காலம் அது நல்ல கொடியாகத்தான் இருந்தது. 2009-இல் இங்கிலிஷ் டிஃபென்ஸ் லீக் என்ற தீவிர வலதுசாரி, முஸ்லிம் எதிர்ப்பு அமைப்பு வந்து அதையே தூக்கியது. 2024 கோடையில் சவுத்போர்ட்டில் சிறுமிகள் கொல்லப்பட்ட பிறகு கிளம்பிய கலவரங்களில் பள்ளிவாசல்மீதும் அகதிகள் இருந்த ஹோட்டல்கள்மீதும் கல்லெறிந்த கூட்டங்களிலும் அந்தக் கொடி இருந்தது. அந்த வாரம் எங்கள் பகுதியில் தமிழ்க் கடைகள் மாலை நாலு மணிக்கே ஷட்டரை இறக்கின.

அப்படியென்றால் கொடி கட்டுகிறவர்கள் எல்லோரும் இனவாதிகளா?

இல்லவே இல்லை. அப்படி நினைப்பது நமக்கு நாமே குழி தோண்டுவது.

2014 நவம்பரில் ரொசெஸ்டரில் இடைத்தேர்தல். லேபர் கட்சியின் எமிலி தோர்ன்பெரி, மூன்று இங்கிலாந்துக் கொடி தொங்கவிட்டு, வெள்ளை வேன் நிறுத்தியிருந்த ஒரு வீட்டைப் படமெடுத்து ட்விட்டரில் போட்டார். வேறு ஒன்றும் எழுதவில்லை, ஊர்ப் பெயர் மட்டும். உழைக்கிற மக்களைப் பார்த்து மூக்கைச் சுளிக்கிறார் என்று நாடே கொதித்தது. அன்றே நிழல் அமைச்சரவைப் பதவியை விட்டார். கொடி கட்டிய மனிதன் யாரையும் ஒரு வார்த்தை சொல்லாமல் தன் வீட்டில் கட்டியிருந்தான். அதைப் பார்த்து ஏளனம் வந்ததுதான் மக்களைச் சுட்டது.

எங்கள் பக்கத்து வீட்டுக் கிழவர் வருடம் முழுக்கச் செயின்ட் ஜார்ஜ் கொடி போட்டிருப்பார். பனி விழுந்த ஒரு காலையில் என் அம்மா வாசலில் வழுக்கி விழுந்தபோது ஓடிவந்து தூக்கி, ஆம்புலன்ஸ் வரும்வரை தன் கோட்டைப் போர்த்தி உட்கார்ந்திருந்தவர் அவர். கம்பங்களில் கொடி வந்தபோது நான் அவரிடமே கேட்டேன். "என் கொடி முப்பது வருடமாக இருக்கிறது, இவர்கள் யார்?" என்று எரிந்து விழுந்தார்.

மகளுக்கு பெல்ஃபாஸ்டில் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. அங்கே கொடி விஷயத்தில் கவனமாக இரு என்கிறார்களே?

கவனமாக இருக்கத்தான் வேண்டும். வட அயர்லாந்து இந்த விஷயத்தில் பல்கலைக்கழகம், இங்கிலாந்து பாலர் பள்ளி.

அங்கே ஒரு தெருவில் நடக்கும்போது தலையை நிமிர்த்தினால் போதும். யூனியன் ஜாக் தொங்கினால் பிரிட்டனோடு இருக்க விரும்பும் யூனியனிஸ்டுகள், பெரும்பாலும் புரொட்டஸ்டன்டுகள். பச்சை, வெள்ளை, ஆரஞ்சு தொங்கினால் ஐக்கிய அயர்லாந்து வேண்டும் என்கிற தேசியவாதிகள், பெரும்பாலும் கத்தோலிக்கர்கள். சில இடங்களில் தெருவோரக் கல்லுக்கும் அந்தந்த நிறத்தில் பெயின்ட். புரொட்டஸ்டன்டுகளின் ஜூலை 12 ஊர்வலக் காலத்தையொட்டிக் கொடிகள் ஏறும். பல, குளிர்காலம்வரை கந்தலாகத் தொங்கும்.

1954-இல் அங்கே ஒரு சட்டம் போட்டார்கள். அமைதிக்குப் பங்கம் வரும் என்று தோன்றினால் போலீஸ் எந்தக் கொடியையும் அகற்றலாம், யூனியன் ஜாக்கைத் தவிர. 1964 தேர்தல் நேரத்தில் பெல்ஃபாஸ்ட் டிவிஸ் தெருவில் குடியரசுவாதிகளின் அலுவலக ஜன்னலில் அயர்லாந்து மூவர்ணக் கொடி இருந்தது. நீங்கள் எடுக்காவிட்டால் நான் ஆட்களோடு வந்து எடுப்பேன் என்று புரொட்டஸ்டன்ட் பாதிரியார் இயன் பெய்ஸ்லி மிரட்ட, போலீஸ் உள்ளே புகுந்து எடுத்தது. பல நாள் கலவரம். அந்தச் சட்டம் 1987-இல்தான் நீக்கப்பட்டது.

அப்புறம் 2012. பெல்ஃபாஸ்ட் நகர மண்டபத்தில் 1906-இலிருந்து தினமும் யூனியன் ஜாக் பறந்தது. டிசம்பர் 3 அன்று கவுன்சில் வாக்கெடுத்து, 29-க்கு 21 என்ற கணக்கில், இனி குறிப்பிட்ட சில நாட்களில் மட்டும் பறக்கும் என்று முடிவு செய்தது. வருடத்துக்கு 18 நாள் வரை. முழுக்க எடுக்கச் சொன்னவர்களுக்கும் தினமும் வேண்டும் என்றவர்களுக்கும் நடுவில் அலையன்ஸ் கட்சி முன்வைத்த சமரசம் அது. பலன்? மாதக்கணக்கில் சாலை மறியல், போலீஸ்காரர்களுக்குக் காயம், அலையன்ஸ் கட்சி அலுவலகத்துக்குத் தீ, அதன் எம்.பி. நவோமி லாங்குக்குக் கொலை மிரட்டல். நடுவில் நின்றவருக்குத்தான் இரண்டு பக்க அடியும் என்று நம் ஊரில் சொல்வது அங்கேயும் பொருந்துகிறது. பிறகு கொடிகளைப் பற்றி ஆராய 2016-இல் ஒரு ஆணையம் போட்டார்கள். ஐந்து வருடம் கழித்து 2021 டிசம்பரில் அறிக்கை வந்தது. விளக்குக் கம்பக் கொடிகளுக்கு என்ன செய்வது என்று அப்போதும் ஒரு முடிவு எட்டப்படவில்லை.

அந்த மூவர்ணத்தில் பச்சை கத்தோலிக்கருக்கு, ஆரஞ்சு புரொட்டஸ்டன்டுக்கு, நடுவில் வெள்ளை இருவருக்கும் இடையிலான சமாதானத்துக்கு. 1848-இல் தாமஸ் பிரான்சிஸ் மெஹர் அதை அப்படித்தான் அறிமுகப்படுத்தினார். தனக்கு நிறம் ஒதுக்கிய கொடியைப் பார்த்தே வட அயர்லாந்துப் புரொட்டஸ்டன்ட் எரிச்சல்படுகிறார். நிறம் ஒதுக்குவது வேறு, இடம் கொடுப்பது வேறு. இலங்கைக் கேள்வியில் இதற்குத் திரும்ப வருவேன்.

உங்கள் மகளுக்கு: வீடு பார்க்கும்போது ஒருமுறை பகலில் தெருவை நடந்து பார்க்கட்டும், கொடியைப் பற்றி அங்கே யாரிடமும் விளையாட்டாகப் பேச வேண்டாம், வேலையிடத்தில் மூத்த இந்திய, பிலிப்பைன்ஸ் நர்ஸுகளைக் கேட்கட்டும். எந்தத் தெரு எப்படி என்று அவர்களுக்கு மனப்பாடம்.

கொடி கட்டினால் பாதுகாப்பு என்று சிலர் கட்டுகிறார்களாமே, உண்மையா?

உண்மை. 2025 ஜூனில் வட அயர்லாந்தில் பாலிமீனா என்ற ஊரில் வெளிநாட்டுக் குடும்பங்களின் வீடுகளைத் தேடித்தேடி ஜன்னல் உடைத்தார்கள், தீ வைத்தார்கள். அந்த நாட்களில் சில வீட்டு வாசலில் இங்கே பிலிப்பைன்ஸ்காரர் இருக்கிறோம் என்று காகிதம் ஒட்டியிருந்தது. பக்கத்தில் யூனியன் ஜாக். எங்களைத் தாண்டிப் போ என்று கும்பலிடம் கெஞ்சும் கொடி.

83 ஜூலையில், தமிழருக்கு எதிரான கலவரத்தின்போது, கொழும்பில் இருந்தவர்களுக்கு இந்தப் படத்தை விளக்கத் தேவையில்லை. அன்று பொட்டை அழித்தவர்கள், வாளி என்ற சொல்லைச் சிங்களத்தில் சரியாகச் சொல்லித் தப்பியவர்கள் நம் குடும்பங்களில் இருக்கிறார்கள். பயத்தில் கட்டிய கொடியைப் பார்த்து 'நாட்டுப்பற்று' என்று சந்தோஷப்படுகிறவரை நான் நம்பமாட்டேன்.

இலங்கையின் சிங்கக் கொடியைக் கண்டால் எனக்கு வயிறு பிசைகிறது. அந்தக் கண்ணோடு இங்கிலாந்துக் கொடியைப் பார்ப்பது நியாயமா?

நியாயமோ இல்லையோ, பார்க்கத்தான் செய்வோம். ஆனால் அந்தக் கதையைச் சரியாகத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

சிங்கக் கொடி கண்டி அரசனுடையது. 1815-இல் கண்டி விழுந்தபோது பிரிட்டிஷ்காரர்கள் எடுத்துப் போனார்கள். பிறகு லண்டன் செல்சியில் முதிய சிப்பாய்களின் இல்லத்தில் அதைக் கண்டுபிடித்தார்கள். அந்தக் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் தென்னிந்திய நாயக்கர் வழி வந்தவன். வேலூர்க் கோட்டையில் கைதியாக இருந்து 1832-இல் இறந்தான். பாலாற்றங்கரையில் அவன் நினைவு மண்டபம் இருக்கிறது. 1948 ஜனவரியில் அவனுடைய கொடியே சுதந்திர இலங்கையின் கொடியாக வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் பிரேரணை கொண்டுவந்தவர் மட்டக்களப்பு உறுப்பினர் சின்னலெப்பை, தமிழ் பேசும் முஸ்லிம். இவ்வளவு நம் ஆட்கள் சம்பந்தப்பட்ட கொடி எப்படி நம்மை விலக்கும் கொடி ஆனது?

தமிழர் எதிர்த்ததால் பண்டாரநாயக்க தலைமையில் ஒரு குழு போட்டார்கள். தமிழர் தரப்பில் ஜி.ஜி. பொன்னம்பலமும் செனட்டர் எஸ். நடேசனும் அதில் இருந்தார்கள். சிங்கத்துக்குப் பக்கத்தில் முஸ்லிம்களுக்குப் பச்சைக் கோடு, தமிழருக்குச் செம்மஞ்சள் கோடு என்று முடிவானது. நடேசன் கையெழுத்துப் போட மறுத்துத் தனியாக எதிர்ப்புத் தெரிவித்தார். படத்தைப் பாருங்கள், காரணம் புரியும். சிங்கம் தனக்கென்று மஞ்சள் கரை கட்டிய தனி வீட்டில் நிற்கிறது. கோடுகள் அந்த வீட்டுக்கு வெளியே. போதாக்குறைக்கு, வாளைப் பிடித்த சிங்கம் கோடுகளைப் பார்த்துத்தான் நிற்கிறது. 1951 மார்ச்சில் நாடாளுமன்றம் அதை ஏற்றது. 1972-இல் நாலு மூலையிலும் அரசிலை வந்தது, அதாவது பௌத்தம்.

1957 பெப்ரவரி 4, சுதந்திர தினம். திருகோணமலை மணிக்கூட்டுக் கோபுரத்தில் கறுப்புக் கொடி ஏற்றப் போன நடராசன் சுட்டுக் கொல்லப்பட்டார். சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற தனிச்சிங்களச் சட்டம் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. 2009 மே மாதம் போர் முடிந்தபோது கொழும்புத் தெருக்களில் சிங்கக் கொடியோடு பாற்சோறு பகிர்ந்தார்கள். அதே நாட்களில் நாங்கள் இங்கே நாடாளுமன்றச் சதுக்கத்தில் நின்றுகொண்டு வன்னியில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரியாமல் போனைத் தட்டிக்கொண்டிருந்தோம். 2012 மே தினத்தில் யாழ்ப்பாணத்தில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புத் தலைவர் சம்பந்தர் சிங்கக் கொடியைக் கையில் பிடித்த ஒரு படத்துக்கு எவ்வளவு பேச்சு வாங்கினார் என்பது நினைவிருக்கும். மறுபக்கம், 2015-இல் கொழும்பில் ஒரு ஆர்ப்பாட்டத்தில் அந்த இரண்டு கோடுகளையும் வெட்டிவிட்ட சிங்கக் கொடியைப் பிடித்தார்கள். ஒதுக்கிய கோடும் சிலருக்கு உறுத்துகிறது!

இதையும் சொல்ல வேண்டும். 1996-இல் லாகூரில் இலங்கை உலகக் கோப்பை வென்றபோது என் அலுவலகச் சிங்கள நண்பன் சிங்கக் கொடியைக் கட்டிப்பிடித்து அழுதான். அணியில் நம் தமிழர் முரளி இருந்தார். நானும் உள்ளுக்குள் துள்ளினேன், ஆனால் அவன் நீட்டிய கொடியை வாங்கவில்லை. அவன் கையில் அது அவன் அப்பாவின் வீடு. என் கண்ணில் அது சோதனைச் சாவடி. நாங்கள் இருவருமே பொய் சொல்லவில்லை.

இங்கிலாந்துக் கொடிக்கு நம்மோடு அந்தக் கணக்கு இல்லை. நம் பயத்தில் பாதி அங்கிருந்து கொண்டுவந்தது. அது தெரிந்தால் மீதிப் பாதியைச் சரியாக அளக்கலாம்.

சரி, நாங்கள் ஆட்டும் புலிக்கொடியைப் பார்த்து யாராவது பயப்படுவார்களா?

இந்தக் கேள்வி அடிக்கடி வருவதில்லை. நானாகச் சேர்த்தது.

பயப்படுவார்கள். சிங்களவரைச் சொல்லவில்லை. 1990 அக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்களைப் புலிகள் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினார்கள். எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில் இருந்து போன ஒரு குடும்பம் இன்று லண்டனில் இருக்கிறது. மாவீரர் நாள் மண்டபத்துக்கு நான் கூப்பிட்டபோது அந்த அக்கா சொன்னார்: "உங்கள் துக்கத்துக்கு வருவேன் தம்பி, அந்தக் கொடிக்குக் கீழே வரமாட்டேன்." எனக்குப் பதில் இருக்கவில்லை.

சட்டப் பக்கமும் உண்டு. பிரிட்டனில் விடுதலைப் புலிகள் இயக்கம் 2001-இலிருந்து தடைசெய்யப்பட்டது. தடைசெய்யப்பட்ட அமைப்பின் ஆதரவாளர் என்று சந்தேகம் வரும்படி பொது இடத்தில் எதையாவது காட்டினால் 2000-ஆம் ஆண்டு பயங்கரவாதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு பாயலாம். அது தேசியக் கொடி, இயக்கக் கொடி இல்லை என்று நம்மவர்கள் வாதாடுவார்கள். வழக்கு வந்தால் அந்த வாதத்தை வழக்கறிஞரோடுதான் பேச வேண்டும்.

ஜெர்மனியில் இருக்கும் தம்பி அங்கே கொடியே கட்டமாட்டார்கள் என்றானே?

பழைய கதை. ஹிட்லருக்குப் பிறகு பல பத்தாண்டு ஜெர்மன்காரர்களுக்குத் தங்கள் கொடியை ஆட்டவே கூச்சம். 2006 உலகக் கோப்பை அங்கே நடந்தபோது அந்தக் கூச்சம் உடைந்தது, துருக்கியரும் நம்மவர்களும்கூடக் காரில் கட்டினார்கள். அதற்குப் பிறகும் 2016 யூரோவின்போது பசுமைக் கட்சியின் ஒரு மாநில இளைஞர் அணி கொடிகளை உள்ளே வையுங்கள் என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டது.

மகன் இங்கிலாந்து ஜெர்சியும் கொடியும் கேட்கிறான். வாங்கிக் கொடுக்கலாமா?

தாராளமாக. அவன் பிறந்த நாடு. 2021 யூரோ இறுதியாட்டத்தில் பெனால்டி தவறவிட்ட ரஷ்ஃபோர்ட், சாஞ்சோ, சாக்கா மூவரையும் நிறம் சொல்லித் திட்டினார்கள். மான்செஸ்டரில் ரஷ்ஃபோர்ட் சுவரோவியத்தைக் கெடுத்தார்கள். மறுநாளே ஊர்ச் சனம் வந்து அந்த இடத்தை மறைத்துக் கடிதங்களும் இதயங்களும் கொடிகளும் ஒட்டியது. 2025 செப்டம்பர் 13 அன்று லண்டனில் லட்சத்துக்கும் மேல் ஆட்கள் கொடியோடு வலதுசாரி ஊர்வலம் போன பிறகு, இந்தக் கொடியைப் பயமுறுத்துகிறவர்களுக்கு விட்டுக்கொடுக்க மாட்டோம் என்று பிரதமர் ஸ்டாமர் சொன்னார். அவர் விடுகிறாரோ இல்லையோ, என் பேரன் விடமாட்டான். கொடியைப் போர்த்திக்கொண்டுதான் தூங்குகிறான்.

கடையில் நானும் ஒன்று கட்டிவிட்டால் பிரச்சினை இல்லாமல் போகுமா?

விருப்பம் இருந்தால் கட்டுங்கள். பயந்து கட்டாதீர்கள், கழற்றும் நாள் வராது. என் நண்பர் ஒருவர் பயத்தில் கட்டினார். வெயிலில் வெளுத்தபோது எடுக்கப் போனவரை வாடிக்கையாளர் ஒருவர், "ஏன் எடுக்கிறாய்?" என்று கேட்டுவிட்டார். இப்போது வருடம் இரண்டு புதிதாக வாங்குகிறார்.

சொந்த வீட்டில் கொடி கட்ட அனுமதி வேண்டுமா? கம்பத்தில்?

இங்கிலாந்தில் எந்த நாட்டின் தேசியக் கொடியையும் கவுன்சில் அனுமதி இல்லாமல் உங்கள் இடத்தில் பறக்கவிடலாம். இடத்துக்குச் சொந்தக்காரர் சம்மதம் வேண்டும், பாதுகாப்பாக இருக்க வேண்டும், சாலைப் பலகைகளை மறைக்கக் கூடாது. வாடகை வீடென்றால் ஒப்பந்தத்தைப் பாருங்கள். விளக்குக் கம்பம் சாலைக்குப் பொறுப்பான கவுன்சிலுடையது. அவர்கள் சம்மதம் இல்லாமல் கட்டியது எந்த நாட்டுக் கொடியானாலும் அகற்றலாம்.

எங்கள் வாசலுக்கு நேர்க் கம்பத்தில் கட்டியது கிழிந்து தொங்குகிறது. கழற்றிவிடவா?

நீங்கள் ஏற வேண்டாம். கம்பத்தில் மின்சாரம் இருக்கிறது, தெருவில் போன் கேமரா இருக்கிறது. ஏணியில் நிற்கும் மண்ணிறக் கை, கிழியும் கொடி என்ற பத்து விநாடி வீடியோ போதும், உங்கள் பெயர் ஊர் முழுக்கப் போய்விடும். கம்ப எண்ணைக் குறித்து கவுன்சில் இணையதளத்தில் தெரிவியுங்கள். கிழிந்து தொங்குகிறது, ஆபத்து என்று மட்டும் எழுதுங்கள், அபிப்பிராயம் எழுத வேண்டாம்.

எங்கள் தெருவில் நான் அப்படித்தான் எழுதிப் போட்டேன். ஆறு வாரம் ஒருவரும் வரவில்லை. பிறகு ஒரு ஞாயிறு காலை பக்கத்து வீட்டுக் கிழவர் ஏணி போட்டு ஏறி, கந்தலை அறுத்து இறக்கி, மடித்து, தன் கராஜில் கொண்டுபோய் வைத்தார். ஏணியைப் பிடித்தது நான்.